ஒன்று குறைகிறது

நண்பர் ஒருவரின் வீட்டில் இருக்கும் கடல்நீர்த் தொட்டியில் குரோமிஸ் மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. செத்துக்கொண்டிருக்கின்றன என்று எழுதக் கை வரவில்லை. பிணம் எதுவும் கிடைக்கவில்லை. இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான். அதே தண்ணீரில் இருக்கும் மற்ற உயிர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கோமாளி மீன் இரண்டும் தங்கள் மூலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காவல் காக்கின்றன. மஞ்சள் டாங் நாள் முழுக்கப் பாறைப் பாசியைச் சுரண்டுகிறது. தொட்டிக்குள் கையை விட்டால் துப்புரவு இறால் வந்து நகக்கண்ணைக் கிளறிப் பார்க்கிறது. டெஸ்ட் கிட்டில் வரும் நிறங்கள் அட்டையில் எந்தக் கட்டத்தோடு பொருந்த வேண்டுமோ அந்தக் கட்டத்தோடு பொருந்துகின்றன. எல்லாம் சரியாக இருக்கும் ஓரிடத்தில் ஓர் இனம் மட்டும் சத்தமில்லாமல் தேய்ந்துபோவதை நண்பர் ஒரு கோளாறாகப் பார்க்கிறார். எங்கோ ஏதோ ஒன்று பழுது, கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம். எனக்கு மீன் வளர்க்கும் பழக்கம் கிடையாது. அவர் வீட்டுக்குப் போனால் தொட்டிக்கு எதிரே உட்காருவதோடு சரி. ஆனாலும் இந்தக் குறைவு அவரைவிட என்னைத்தான் அதிகம் படுத்துகிறது என்று தோன்றுகிறது. அவர் தேடும் காரணம் தண்ணீருக்குள்தான் இருக்கிறதா என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. வந்த பிறகு போகவில்லை.

குரோமிஸ் முழுதாக வளர்ந்தாலும் நான்கு அங்குலத்தைத் தாண்டாத மீன். வெளிர்பச்சை, திரும்பும்போது வெளிச்சம் வேறு கோணத்தில் பட்டால் நீலம். செங்கடலில் தொடங்கி பசிபிக் தீவுகள் வரை, நம் பக்கம் லட்சத்தீவிலும் அந்தமானிலும், கிளைவிட்ட பவளத்துக்கு மேலே நூற்றுக்கணக்கில் நின்றுகொண்டு நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும். மேலே ஒரு நிழல் நகர்ந்தால் மொத்தக் கூட்டமும் பவளக் கிளைகளுக்குள் போய்விடும். நிழல் விலகினால் வெளியே வரும். 2004-05இல் ஓராண்டு காலத்தில் அமெரிக்காவுக்குப் போன கடல் அலங்கார மீன்கள் ஒரு கோடிக்கும் மேல். ஆயிரத்து எண்ணூறு இனங்கள். அவற்றில் எண்ணிக்கையில் முதலிடம் இந்த மீனுக்குத்தான். கடல் மீன்களில் இதைவிட மலிவானது அதிகம் கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, யாரும் ஒரு குரோமிஸ் வாங்குவதில்லை. வாங்குவது அந்தக் கூட்டத்தை, அது ஒரே உடம்பாகத் திரும்பும் அந்த நொடியை. ஆகவே ஐந்து, ஏழு, பத்து என்று போகிறது. நண்பர் வாங்கும்போது கடைக்காரர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாராம்: “குரோமிஸ்னா அப்படித்தான் சார். பத்து விட்டா நாலு நிக்கும். அந்த நாலு அப்புறம் வருசக்கணக்கா இருக்கும்.” இதையே உலகம் முழுக்க இந்த மீனை வைத்திருப்பவர்கள் வேறு வேறு எண்களில் சொல்கிறார்கள். கடைக்காரரிடம் பொய் இல்லை. ஆறு மீன்களின் சாவு அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதை யாரும் தனியாகக் கேட்டு வாங்குவதில்லை.

குறைவு தெரியவருவதே தாமதமாகத்தான். நகரும் கூட்டத்தை எண்ண முயன்றவர்களுக்குத் தெரியும். மூன்று வரை எண்ணும்போது முதலாவது பாறைக்குப் பின்னால் போயிருக்கும். ஐந்தாவது என்று நினைத்தது இரண்டாவதாக இருக்கும். கண்ணாடியின் ஓரத்தில் ஒரே மீன் இரண்டாகத் தெரியும். காலையில் ஆறு என்று முடிவுசெய்தால் மாலையில் ஏழு வந்து நிற்கும், அந்த ஏழைப் பார்த்து ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதியில் இரண்டு நாள் எண்ணாமல் விட்டுவிடுவோம். இரை போடும் நேரத்தில் மட்டுமே எல்லாம் ஒரே பக்கம் வரும். அப்போதும் கடைசியாக வருவது எது, வராமலே நிற்பது எது என்று பார்க்க வேண்டும். நண்பருக்கு அவை தனித்தனி மீன்களாகத் தெரிவதில்லை. கோமாளி மீன்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார், குரோமிஸ்களுக்கு வைக்கவில்லை. எது போயிற்று என்று அவரால் சொல்ல முடியாது, எத்தனை போயிற்று என்றுதான் சொல்ல முடியும். பெரியதா சிறியதா, புதிதாக வந்ததா பழையதா, போவதற்கு முன்பு இரை எடுத்ததா, செதிலில் நிறம் மாறியிருந்ததா என்று விசாரணைக்கு வேண்டிய எல்லாமே எது என்ற கேள்வியில்தான் இருக்கின்றன. எத்தனை என்ற கேள்வியிலிருந்து ஒரு துப்பும் கிடைக்காது.

வீட்டுக்குள் சந்தேகப்பட வேண்டியவை பல. முதலில் தொட்டிக்குப் பின்புறத் தரை. பயந்த மீன் குதிக்கும். மூடியில்லாத தொட்டியென்றால் மின்கம்பிகளுக்கும் சுவருக்கும் நடுவில் காய்ந்து கிடக்கும். நம் வீடுகளில் அதை எறும்புகள் முதலில் கண்டுபிடித்துவிடும் என்பதால் எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்தால் போதும். நண்பர் பின்தொடர்ந்தார், அது சர்க்கரை டப்பாவுக்குப் போனது. அடுத்தது தண்ணீர் வழிந்து கீழ்த்தொட்டிக்குப் போகும் ஓவர்ஃப்ளோ. அங்கே வடிகட்டும் துணிப்பையை உதறிப் பார்த்தாயிற்று. லைவ் ராக் என்று விற்கப்படும் பாறையின் ஓட்டைக்குள் மான்டிஸ் இறால் ஒளிந்து வந்திருக்கலாம். வந்திருந்தால் இரவில் கண்ணாடியைச் சுண்டுவதுபோன்ற சத்தம் கேட்கும். கேட்கவில்லை. கொசு விரட்டும் திரவம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தரை துடைக்கும் ஃபினாயில் என்று ஒவ்வொன்றின் மேலும் சந்தேகம் போய்த் திரும்பியது. கொசு மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய விஷம் என்பது உண்மை. ஆனால் இறாலுக்கும் அது அதே அளவு கொடியது. அந்தத் துப்புரவு இறால் மீசையை ஆட்டிக்கொண்டு உயிரோடு நிற்கிறது. செம்பு கலந்திருந்தாலும் முதலில் அதுதான் போயிருக்க வேண்டும். இந்த மாதிரி விசாரணையில் செத்தது பேசாது; சாகாமல் நிற்பதுதான் சாட்சி சொல்கிறது. பிணம் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கும் அதே சாட்சிதான் பதில். விளக்கணைந்த பிறகு ஒரு சிறிய மீன் செத்து விழுந்தால் முட்புழுக்கள் பாறையிலிருந்து நீண்டு வரும், துறவி நண்டுகள் ஏறிக்கொள்ளும், இறாலும் பங்குக்கு வரும். விடியும்போது ஒரு முதுகெலும்பு மிஞ்சினால் அதிகம். ஒரு கடல்நீர்த் தொட்டி நன்றாக நடக்கிறது என்பதற்கு அடையாளமே, அதற்குள் நடக்கும் சாவுகளுக்குத் தடயம் இல்லாமல் போவது. இதை நண்பரிடம் சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பிறகு தண்ணீர். அமோனியா இல்லை, நைட்ரைட் இல்லை, அடர்த்தி 1.025, பி.எச். 8.2. இந்த எண்களை அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். எல்லாமே மாலை நேரத்தில், அலுவலகத்திலிருந்து வந்து, விளக்குகள் முழு வெளிச்சத்தில் இருக்கும்போது எடுத்தவை. தொட்டி தன் சிறந்த முகத்தைக் காட்டும் நேரம் அது. இரவு முழுக்கப் பாசியும் பவளமும் வெளிச்சமில்லாததால் ஆக்சிஜனைக் கொடுப்பதை நிறுத்தி, எல்லோரையும்போல் அதை எடுத்துக்கொள்ள மட்டும் செய்கின்றன. கரியமில வாயு சேர்கிறது, பி.எச். இறங்குகிறது. விடிகாலையில் எடுத்தால் நோட்டில் வேறு எண்கள் இருக்கும். அதோடு சென்னையின் சூடு. 25 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே சூட்டில் கடல்நீர் 7க்கும் குறைவாகத்தான் வைத்துக்கொள்ளும். 30 டிகிரிக்குப் போனால் 6 சொச்சம். மே மாத இரவில் கரண்ட் போய், இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் மட்டும் ஓடி, தொட்டியின் பம்பு நின்றிருக்கும் ஒரு மணி நேரத்தை எந்த டெஸ்ட் கிட்டும் பதிவு செய்வதில்லை. எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் பெரிய மீன்தான் முதலில் மேலே வந்து வாயைத் திறக்கும். டாங் திறக்கவில்லை. இந்தக் காரணமும் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. ஒவ்வொன்றும் இப்படித்தான் நிற்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். எந்தக் காரணத்தை எடுத்தாலும் அது எல்லோரையும் கொல்ல வேண்டும், அல்லது யாரையும் கொல்லக் கூடாது. பச்சை நிறத்தில் இருப்பவர்களில் ஒருவரை மட்டும், அதுவும் இடைவெளி விட்டு, எடுத்துக்கொண்டுபோகும் தண்ணீர் எங்கும் இல்லை.

சாவின் வேகத்தை யாரும் குறித்துவைப்பதில்லை. நோய்களை அதைக்கொண்டே பாதி பிரித்துவிடலாம். வெல்வெட் என்று சொல்லப்படும் அமிலூடினியம் வந்தால் சில நாட்களுக்குள் தொட்டி காலி. அது ஒன்றைத் தொட்டு ஒன்றை விடாது. கடல் வெண்புள்ளி நோய் உப்பு தூவியதுபோல் உடம்பில் தெரியும், டாங் மீனுக்குத்தான் முதலில் வரும். அதன் ஒட்டுண்ணிக்கு மீன் உடம்பு இல்லாமல் வாழ்வு கிடையாது. தொட்டியில் மீனே இல்லாமல் இரண்டரை மாதம் விட்டால் பட்டினியில் அழிந்துவிடும். குரோமிஸ்களைக் கொல்வதாக அதிகம் பேசப்படும் யூரோனிமா வேறு ரகம். ஒற்றைச் செல் உயிர், மேலெல்லாம் மயிர் போன்ற இழைகள். அதற்கு மீன் தேவையே இல்லை. தொட்டியின் அடியில் அழுகியதையும் பாக்டீரியாவையும் தின்றுகொண்டு காலமெல்லாம் இருக்கும். சந்தர்ப்பம் கிடைத்தால் செதிலுக்கு அடியில் நுழைந்து தசைக்குள் போய்விடும், அங்கிருந்து உள்ளுறுப்புகளுக்கும். வெளியே தெரிவது பக்கவாட்டில், செதில் வரிசைக்குக் கீழே ஒரு சிவப்புக் கன்றல். அது தெரிந்த பிறகு பெரும்பாலும் ஒரு நாளோ இரண்டு நாளோதான். தண்ணீரில் கலக்கும் செம்பு மருந்து தசைக்குள் இருப்பதை எட்டாது. நண்பரின் தொட்டியில் ஒரு மீனின் பக்கத் துடுப்புக்குப் பின்னால் அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததாகவே நினைக்கிறேன். ஆனால் அந்த விளக்குகள் நீல விளக்குகள். அவற்றின் கீழ் சிவப்பு என்பது ஒரு கருமை மட்டுமே. டார்ச் அடித்ததும் அது பாறைக்குப் பின்னால் போய்விட்டது, மறுவாரம் கூட்டத்தில் ஒன்று குறைந்திருந்தது. யூரோனிமா எந்தத் தொட்டியிலும் இருக்கக்கூடியது என்றால், அது ஏன் இந்த மீனை இந்த வாரம் தேர்ந்தெடுத்தது? ஒட்டுண்ணியின் பெயர் கிடைத்ததும் விசாரணை முடிந்தது என்று நினைக்கிறோம். எப்போதும் அங்கேயே இருந்த ஒன்றைக் காரணம் என்று சொல்வது, கத்தி இருந்ததால் கொலை நடந்தது என்று தீர்ப்பு எழுதுவதாகத்தான் எனக்குப் படுகிறது.

பழியைத் தொட்டிக்கு வெளியே, பின்னோக்கித் தள்ளுவதும் வழக்கம். மீன் வரும்போதே பாதி செத்துத்தான் வந்தது என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 1960களிலேயே பவளப்பாறைக்குள் சோடியம் சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் முறை தொடங்கி, பிறகு இந்தோனேசியாவுக்கும் பரவியது. அப்படிப் பிடிபட்டது நீந்தும், இரைகூட எடுக்கும், வாரங்கள் கழித்துச் சாகும் என்பார்கள். உங்கள் மீன் அப்படி வந்ததா என்பதை வீட்டில் இருந்து நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதனாலேயே அது எல்லோருக்கும் வசதியான காரணமாக இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடிபடாமல் இருந்தது பாலித்தீன் பையின் வேதியியல். விமானத்தில் மணிக்கணக்கில் மூடிய பைக்குள் மீன் விடும் மூச்சில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் அமிலத்தன்மை அடைகிறது. கழிவில் அமோனியாவும் ஏறுகிறது. ஆனால் அந்த அமிலத்தன்மையில் அமோனியா பெரும்பாலும் விஷமற்ற வடிவத்தில் இருக்கும். மீன் தன் அழுக்குக்குள்ளேயே பத்திரமாக வந்து சேர்கிறது. நாம் பையை அவிழ்க்கிறோம். காற்று படுகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அதுவரை சாதுவாக இருந்த அமோனியா அதே தண்ணீரில் விஷமாகிறது. புது இடத்துக்குப் பழக்குகிறேன் என்று சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருப்பவரின் கண் முன்னால், அந்தப் பொறுமையின் விளைவாகவே, செவுள்கள் கருகுகின்றன. அன்றைக்கு ஒன்றும் ஆகாது. எல்லா மீனும் தொட்டிக்குள் போய் ஒன்றாகத் திரும்பி அழகு காட்டும்.

இரை போடும் வேளையைக் கிட்டத்தில் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. உறைந்த ஆர்ட்டீமியாக் கட்டியை ஒரு கிண்ணத்தில் கரைத்து, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் வாயருகே ஊற்றுகிறார் நண்பர். இளஞ்சிவப்புத் துகள்கள் தொட்டியின் குறுக்கே ஓடுகின்றன. எல்லாவற்றிலும் பெரிய குரோமிஸ் ஓட்டத்தின் முகப்பில் போய் நிற்கிறது. அதற்குப் பின்னால் அடுத்தது, அதற்கும் பின்னால் அடுத்தது. ஒரு வரிசை இருக்கிறது. கடைசியில் நிற்பது மற்றவற்றைவிட மெலிந்தது. மேலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் முதுகு ஒடுங்கியிருக்கிறது. தன்னை நோக்கி ஒரு துகள் வரும்போது அது முன்னால் வந்து வாயைத் திறப்பதற்குள், பெரியது திரும்புகிறது. கடிக்கவில்லை, திரும்பிப் பார்க்கிறது, துடுப்பை விறைக்கிறது, அவ்வளவுதான். சிறியது ஓவர்ஃப்ளோ பெட்டியின் நிழலுக்குப் போய், தலை சற்று மேலாக, செவுள் வேகமாக அடித்துக்கொள்ள நிற்கிறது. இரை முடிந்து எல்லாம் கலைந்த பிறகும் அது அங்கேயே நிற்கிறது. கடலில் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும் மீனுக்கு இங்கே ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் முகப்பில் யார் நிற்பது என்பதில் வாழ்வு இருக்கிறது. கடைசி மீன் போனால் வரிசை முடிந்துவிடாது. நேற்றுவரை கடைசிக்கு முந்தையதாக இருந்தது இன்று கடைசி. இதைத்தான் கடைக்காரர் நாலு நிக்கும் என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறார்.

மீன் தொட்டியைப் பார்த்து மனிதர்கள் பெரிய பெரிய முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். விலங்கு நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரன்ஸ் ஆக்கிரமிப்பைப் பற்றி 1963இல் எழுதிய நூலைப் பவளப்பாறை மீன்களிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். புளோரிடாவின் கடலுக்குள்ளும் தன் தொட்டியிலும் அவர் கண்டது, மீன் அதிகம் தாக்குவது வேற்றினத்தை அல்ல, தன் இனத்தையே என்பது. 1973இல் நோபல் பரிசு பெற்றார். 1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதும் அவரோடு சேர்த்தே நினைவுக்கு வரும். சிகாகோவில் இருந்த சூழலியலாளர் வார்டர் ஆலி வேறொரு தொட்டியைப் பார்த்தார். கூழ்ம வெள்ளி கலந்த நீரில் ஒரு தங்கமீனைத் தனியாக விட்டால் சீக்கிரம் செத்துவிடுகிறது; அதே அளவு நீரில் பத்தைச் சேர்த்து விட்டால் நெடுநேரம் தாங்குகின்றன. பத்து மீன்களின் உடம்பிலிருந்து வரும் கொழகொழப்பு வெள்ளியைப் பிடித்துக் கீழே படியச் செய்துவிடுகிறது. 1932இல் வந்த ஆய்வு அது. கூட்டம் என்பதே ஒரு மருந்து, ஓர் எண்ணிக்கைக்குக் கீழே போனால் மருந்து வேலை செய்யாது என்ற திசையில் அவர் சிந்தனை போயிற்று; ஆலி விளைவு என்று அவர் பெயரால் இன்றும் சொல்கிறார்கள். ஆலி ஒரு குவேக்கர், போரை மறுத்த மரபில் வந்தவர். ஒருவர் கண்ணாடிக்குள் சண்டையைப் பார்த்தார், இன்னொருவர் கூட்டுறவைப் பார்த்தார். இரண்டும் கண்ணாடிக்குள் இருந்தவைதான். எதைப் பார்க்க உட்கார்ந்தார்கள் என்பதும் அவர்களோடு வந்ததுதான். எனக்கு அந்த வரிசையும் திரும்பிப் பார்க்கும் பெரிய மீனும் இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு, நான் இந்த ஊரில் வளர்ந்தவன் என்பதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

லோரன்ஸின் அதே நூலில் பெயரற்ற கூட்டங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. பெருங்கூட்டமாகத் திரியும் மீன்களுக்குள் நட்பும் இல்லை, பகையும் இல்லை, யாருக்கும் யாரையும் தெரியாது என்கிறார். அதை வாசித்த பிறகு எனக்கு ஓர் ஊகம் வந்தது. நிரூபணம் ஏதும் என்னிடம் இல்லை. கடலில் நூற்றுக்கணக்கில் நிற்கும்போது ஒரு குரோமிஸுக்குப் பக்கத்தில் இருப்பது எப்போதும் ஏதோ ஒரு குரோமிஸ். தொட்டியில் ஏழு இருக்கும்போது பக்கத்தில் இருப்பது அதே குரோமிஸ். ரங்கநாதன் தெருவில் தீபாவளி நெரிசலில் இடித்துக்கொண்டு போகிறவர்களுக்குள் பகை வராது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறையில் நாலு பேர் இருந்தால் வாளி யாருடையது என்பதில் வரும். எண்ணிக்கை குறையும்போது முகம் வந்துவிடுகிறது. முகம் வந்ததும் வரிசை வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது. கூட்டம் எதற்காகக் கூடுகிறது என்பதற்கு உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் 1971இல் எழுதிய கட்டுரையில் ஒரு குளத்தைக் கற்பனை செய்கிறார்: கரையைச் சுற்றித் தவளைகள், தண்ணீருக்குள் ஒரு பாம்பு. ஒவ்வொரு தவளையும் தனக்கும் பாம்புக்கும் நடுவில் வேறொரு தவளை இருக்கும்படி நகர்ந்தால் போதும், எந்த அன்பும் இல்லாமலே கூட்டம் சேர்ந்துவிடும். குரோமிஸ் கூட்டத்தைச் சேர்த்துக் கட்டியிருந்தது கடலில் மேலே நகரும் அந்த நிழல்தான். நாம் நல்ல எண்ணத்தோடு நிழலை எடுத்துவிட்டோம். புதிதாக விட்ட முதல் வாரங்களில் அவை நெருங்கித் திரும்புவதைப் பார்த்து மகிழ்கிறோமே, அது பயம். பயம் தெளியத் தெளியக் கூட்டம் அவிழ்கிறது. கலிஃபோர்னியாவின் மான்டரேயில், பழைய மத்தி டின் தொழிற்சாலை நின்ற இடத்தில் 1984இல் திறந்த காட்சியகத்தில் மத்திக் கூட்டத்தைச் சூரைமீன்களோடு ஒரே தொட்டியில் விட்டார்கள். அங்கே மத்தி கலையாமல் சுற்றுகிறது. சாப்பிடக்கூடியவர் வீட்டிலேயே இருக்கிறார். (அந்தக் கடற்கரையிலிருந்து 1940களில் மத்தி மொத்தமாகக் காணாமல் போனது. அளவுக்கு மீறிப் பிடித்ததாலா, கடலின் வெப்பநிலை மாறியதாலா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.)

இப்படிச் சொல்லிக்கொண்டு போகும்போது எனக்கே ஒரு கூச்சம் வருகிறது. பயம், வரிசை, முகம் என்பதெல்லாம் எழுதுகிறவனுக்கு இனிக்கும் சொற்கள். யூரோனிமா இனிக்காது. நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் தசைக்குள் அது நெளிவதைப் பார்த்திருக்கிறார்கள். நான் பார்த்தது ஒரு மீன் இன்னொரு மீனைத் திரும்பிப் பார்த்ததை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். துரத்தப்படும் மீனின் இரத்தத்தில் கார்டிசால் ஏறுகிறது, அது நீண்டால் எதிர்ப்பு சக்தி இறங்குகிறது. இரை கிடைக்காத உடம்பில் காயம் ஆறுவதில்லை. கடல்மீன் ஒவ்வொரு கணமும் தன்னைவிட மூன்று மடங்கு உப்பான நீரோடு மல்லுக்கட்டி வாழ்வது. ஒரு செதில் பெயர்ந்தாலும் அந்த வழியாகத் தண்ணீரை இழக்கும். எப்போதும் அடியில் காத்திருக்கும் யூரோனிமாவுக்குக் கதவைத் திறந்துவிடுவது வரிசையின் கடைசியில் நிற்பதாக இருக்கலாம். அப்படியானால் கொன்றது யார்? டாக்டர் ஒட்டுண்ணி என்று எழுதுவார். அதுவும் சரிதான். பட்டினியால் நேரடியாக யாரும் சாவதில்லை, வயிற்றுப்போக்கால்தான் செத்தார்கள் என்று நம் பஞ்ச காலத்து அரசாங்கக் குறிப்புகளும் எழுதின. போகட்டும், மீனைப் பற்றிப் பேசும்போது அங்கெல்லாம் போகக் கூடாது.

நண்பர் இன்னும் ஐந்து வாங்கி விடலாமா என்று யோசிக்கிறார். கூட்டம் சிறியதாகிவிட்டதால்தான் அடித்துக்கொள்கின்றன, எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாகும் என்பது கடைக்காரரின் யோசனை. என்னுடைய ஊகத்தையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நூறு விட்டால் ஒருவேளை சரியாகலாம். ஐந்து அடித் தொட்டியில் நூறு விட முடியாது. ஐந்து விட்டால் புதியவை வரிசையின் கடைசியில் போய்ச் சேரும், சில மாதம் கழித்து நாலு நிற்கும். டாங் செத்திருந்தால் அவர் இரவெல்லாம் தூங்காமல் காரணம் தேடியிருப்பார். அதன் விலை அப்படி. குரோமிஸ் மலிவு என்பதால் அதன் சாவுக்கு விசாரணை கிடையாது, விசாரணை இல்லாததால் அது இப்படித்தான் என்ற பெயர், இப்படித்தான் என்பதால் விலையும் ஏறுவதில்லை. இவ்வளவு அதிகம் விற்கும் ஒரு கடல் அலங்கார மீன் எதனால் சாகிறது என்று வீட்டில் வைத்திருப்பவருக்குத் தெரியாமலே இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த மீனை வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். புதிதாக வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். கடைசியாக இரைக்கு வருவது எது என்று அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்கு உயிர் இருக்கும்போதே வேறு தொட்டிக்கு மாற்றி, வெள்ளை விளக்கில் பக்கவாட்டைப் பாருங்கள். அப்படியும் செத்துவிட்டால், நண்டுகள் வருவதற்கு முன்னால் எடுத்து, ஈரத்தோடு ஒரு பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் திசு சிதைந்துவிடும், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரத்துக்குள் மீன் நோய் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.